பழைய ஸ்போர்ட்ஸ் கார், மதுரை வெயில்: டயர், பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும் இறக்குமதி டூ-சீட்டர் ஒரு வகை. 2000-களில் நம் ஊர் ஷோரூமிலேயே விற்ற வேகக்காரர்கள், அதாவது பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ்., ஐகான் 1.6, வி-டெக் சிட்டி, ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவை இன்னொரு வகை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வரும் நோய் என்னவோ ஒன்றுதான். டயர் கடை பெஞ்சிலும் ஒர்க்‌ஷாப் வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. டயர்ல பட்டன் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. ஓடுனதே பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்தான். இதைப் போய் மாத்தச் சொல்றாங்களே?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தினசரி ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து சாகும். நின்றே கிடக்கும் வண்டியில் காய்ந்து சாகும். ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்கும் மெழுகு கலந்திருக்கிறது. டயர் உருண்டு நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். வண்டி ஆறு மாதம் நின்றால் மெழுகு உள்ளேயே தங்கிவிடும்; வெயிலும் ஓசோனும் மேல்தோலைத் தின்னும். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) ஆழம் 6 மி.மீ. இருந்தாலும் ரப்பர் கட்டையாகிவிட்டால் பிடிமானம் போய்விட்டது என்றுதான் அர்த்தம். மழையில் முதல் பிரேக்கிலேயே அது தெரிந்துவிடும்.

பட்டனுக்கு இடையில் உள்ள பள்ளத்தின் அடியையும், ரிம்மை ஒட்டிய பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி அளவு கீறல் வரிசையாக இருந்தால் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறை கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும். மதுரை வெயிலுக்கு ஆறு, மிஞ்சிப் போனால் ஏழு வருடத்தில் மாற்றிவிடச் சொல்வோம். பத்து வருடம் ஆன டயர் எப்படி இருந்தாலும் கழற்றிப் போட வேண்டியதுதான். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு. அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

2. டயர் எந்த வருசம் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கிறது. வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். நாலு எண்ணுக்குப் பதில் மூன்றே எண் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அந்த வண்டியை டயர் கடை வரைக்கும் கூட ஓட்டிப் போகாதீர்கள்.

புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். அதிகம் விற்காத சைஸ்தான் கடையில் தூங்கும். ஸ்போர்ட்ஸ் கார் சைஸ் எல்லாமே அந்த ரகம். ஆறு மாதத்துக்குள் செய்த டயர் கிடைத்தால் நல்லது. ஒரு வருடம் தாண்டியிருந்தால் விலை குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் என்றால் வேண்டாம்.

3. 205/55 ஆர் 16 91 வி. இதுல எது எதைக் குறிக்குது?

205 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 91 சுமை எண்: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகம்: டி 190, எச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ.

ரிங் ரோட்டில் யார் 240-இல் போகப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். வேகக் குறியீடு உண்மையில் டயர் சூட்டைத் தாங்கும் திறனைச் சொல்கிறது. சித்திரை மாத மத்தியானத்தில் திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டும்போது அந்தத் திறன் வேண்டும். கம்பெனி கொடுத்த எழுத்துக்கும் சுமை எண்ணுக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே போகலாம்.

4. எந்த டயர் வாங்கலாம்ணே? ஒரு அம்பதாயிரம் கிலோமீட்டராவது ஓடணும்.

உங்கள் வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மூவாயிரம் கி.மீ. என்றால் ஆறு வருடத்தில் பதினெட்டாயிரம்தான். ஐம்பதாயிரம் ஓடும் கெட்டி ரப்பர் டயரை வாங்கினால், மூன்றில் இரண்டு பங்குப் பட்டனோடு காய்ந்த டயரைத் தூக்கி எறியப் போகிறீர்கள். அத்தனை வருடமும் பிடிமானக் குறைவோடும் ஓட்டியிருப்பீர்கள். இந்த மாதிரி வண்டிக்கு மென்மையான ரப்பர் வாங்குவதில் நஷ்டமே கிடையாது. தினம் ஆபீஸ் போகும் காருக்குத் தரும் ஆலோசனையை இதற்குக் கேட்பதுதான் தப்பு.

பல டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். குறைய இருந்தால் மென்மை, கூட இருந்தால் ஆயுள். 500-ஐ விட 280 முதல் 340 வரை உள்ளது உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடுகிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிட உதவும். இரண்டு கம்பெனியை ஒப்பிட அதை நம்ப வேண்டாம். நாலு டயரும் ஒரே மாடலாக இருப்பது பிராண்டை விட முக்கியம். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று போட்டால் வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது.

5. நம்ம மேலூர் ரோட்டுலயே டயர் ஃபேக்டரி இருக்கே, அங்க கிடைக்காதா?

வெள்ளரிப்பட்டியில் இருப்பது டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. அங்கே வருவது இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களும் வயல், மண் வேலை வண்டிகளுக்கான டயர்களும். கார் டயர் கிடையாது.

6. எங்க வண்டி சைஸ் எந்தக் கடையிலும் இல்லைங்கிறாங்க. வேற சைஸ் போடலாமா?

2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனதிலிருந்து அரிதான சைஸ்கள் வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் விலை ஏறித்தான் வருகிறது. மாற்று சைஸ் போடலாம். போடுவதற்கு முன் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். மூன்றைத் தாண்டக் கூடாது.

கணக்கு சுலபம். ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, பக்கச் சுவர் உயரத்தை இரண்டு தடவை கூட்டுங்கள். மாஸ்தா எம்.எக்ஸ்-5 முதல் தலைமுறையின் 185/60 ஆர் 14-க்கு 355.6 + 111 + 111 = 577.6 மி.மீ. அதற்குப் பதில் 195/50 ஆர் 15 போட்டால் 381 + 97.5 + 97.5 = 576. வித்தியாசம் கால் சதவீதம்தான், அருமையான பொருத்தம். அதே 15 அங்குலத்தில் 195/55 போட்டால் 595.5 வரும். மூன்று சதவீதத்துக்கு மேல் கூடிப்போய், வண்டி மந்தமாகும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் ஃபெண்டர் லைனரில் உரசும்.

7. ரிம்மு மாத்தப்போறேன். நாலு போல்ட்டும் கச்சிதமா உட்காருது. வேற என்ன பார்க்கணும்?

உட்கார்ந்த மாதிரி இருப்பதுதான் ஆபத்து. ஃபியட் வண்டிகளின் போல்ட் வட்டம் 4×98, அதாவது 98 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நாலு போல்ட். சந்தையில் கொட்டிக் கிடப்பது 4×100. இரண்டு மி.மீ. வித்தியாசத்தைப் பானா போட்டு இறுக்கினால் போல்ட் ஏறிவிடும். ஆனால் ஒன்றிரண்டு போல்ட் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கும். வண்டி 80-இல் நடுங்கும். பேலன்சிங்கை எத்தனை தடவை செய்தாலும் போகாது. பிறகு ஒருநாள் போல்ட் தளரும் அல்லது முறியும்.

போல்ட் வட்டத்துக்கு அடுத்து நடு ஓட்டை. ரிம்மின் ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் வேண்டும். மூன்றாவது ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்பது: பத்து மி.மீ. வெளியே தள்ளினாலே வீல் பேரிங்கில் பாரம் கூடி ஸ்டீயரிங் இழுக்க ஆரம்பிக்கும். நட்டை ஏர் கன்னால் கடைசி வரை அடிக்க விடாதீர்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சிறிய வண்டிகளுக்கு 100 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் இருக்கும். போர்ஷே பாக்ஸ்டருக்கு 130. ஐம்பது கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.

8. டயர் சைஸ் மாத்துனா ஆர்.டி.ஓ.ல பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஒரே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த சைஸைப் போடுவது பாதுகாப்பான வழி. கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் மேனுவலிலும் பெரும்பாலும் இரண்டு மூன்று சைஸ் போட்டிருப்பார்கள். ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் எல்லா இடத்திலும் சிக்கலைத்தான் கொண்டுவரும்.

பதினைந்து வருடம் முடியும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 25-ஆம் எண் படிவம். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். வண்டியை நேரில் காட்டும்போது டயரையும் பார்ப்பார்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. எங்களைக் கேட்டால் 3 மி.மீ.யிலேயே மாற்றுங்கள். ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீரை 1.6 மி.மீ. பள்ளம் வெளியே தள்ளாது.

9. காத்து எவ்வளவு வைக்கிறது? கடைக்காரர் எல்லாத்துக்கும் 35-ங்கிறார்.

கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ளதுதான் அளவு. இலேசான டூ-சீட்டருக்கு அது 26 பி.எஸ்.ஐ.யாகக் கூட இருக்கும். அதில் 35 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். காலையில் ஏழு மணிக்குள், வண்டி நகர்வதற்கு முன் அளக்க வேண்டும். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கேஜ் ஒன்று டேஷ்போர்டில் இருக்கட்டும். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும். உங்கள் கேஜ் தப்பாகக் காட்டினாலும் தினமும் ஒரே தப்பைக் காட்டும்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்று சுமார் 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியானம் ஓடி வந்த டயரில் நாலு, ஐந்து கூடத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் டயர் குறைவான காற்றோடு நிற்கும், பக்கச் சுவர் அதிகம் நெளியும், அதனாலேயே இன்னும் சூடாகும். கோடையில் ரோட்டோரம் வெடித்துக் கிடக்கும் டயர்களில் பல, காற்று குறைவாக ஓடியவை. நைட்ரஜன் அடித்தால் இந்தக் கணக்கு மாறாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

10. கொடைக்கானல் மேல குளிருக்குக் காத்து இறங்கிடுமே, அங்க போய் அடிக்கணுமா?

வேண்டாம். இங்கே 35 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பி மேலே 12 டிகிரியில் நின்றால், குளிரால் மட்டும் மூன்றரை பி.எஸ்.ஐ. குறைய வேண்டும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கும். கேஜ் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும் என்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, மேலேயும் கிட்டத்தட்ட 32 காட்டும். மேலே ராத்திரிக் குளிரில் இரண்டு மூன்று கூட்டி அடித்துவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினால், கீழே அதிகக் காற்றோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

11. ரெண்டு டயர்தான் இப்ப வாங்க முடியும். முன்னாடி போடவா, பின்னாடி போடவா?

பின்னால். முன்பக்கம் என்ஜின் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும்; காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

முன்னும் பின்னும் வேறு அகலம் உள்ள வண்டிக்கு இந்தக் கேள்வியே எழாது. முதல் பாக்ஸ்டரில் 16 அங்குலத்தில் முன்னே 205/55, பின்னே 225/50. இடம் மாற்ற முடியாததால் பின் ஜோடி சீக்கிரம் தீரும். போர்ஷே ஒப்புதல் பெற்ற டயரில் என்0, என்1 என்று குறி இருக்கும். ஒரே வண்டியில் வேறு வேறு குறியைக் கலக்காதீர்கள்.

12. செகண்ட்ஸ் டயர் நல்ல பளபளப்பா வச்சிருக்காங்க, விலையும் பாதிதான்…

பளபளப்பு டயர் பாலிஷ். கீறலை மறைக்கத்தான் அது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பள்ளத்தின் ஓரம் கூர்மையாக, அடிப்பகுதி சொரசொரப்பாக, 1.6 மி.மீ. மேடு காணாமல் இருந்தால் அது வெட்டிய டயர். உள்ளே இருக்கும் கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவில் காகிதக் கனத்துக்கு ரப்பர் இருக்கும். மாட்டு வண்டிக்கு வேண்டுமானால் போடலாம்.

13. பக்கவாட்டுல எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கு. பஞ்சர் கடையில உள்ள ஒட்டித் தர்றேங்கிறார்.

மறுத்துவிட்டு டயரை மாற்றுங்கள். பள்ளத்தில் விழுந்தபோது டயர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, பக்கச் சுவரின் நூல் அறுந்துவிட்டது. இப்போது காற்றைத் தாங்குவது ரப்பர் மட்டும். 45, 40 என்று பக்கச் சுவர் குட்டையாக உள்ள டயரில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் நம் ரோட்டுக்குப் பெரிய ரிம் வேண்டாம் என்கிறோம். அதே குழியில் ரிம்மும் வளைந்திருக்கும், சுற்றிப் பாருங்கள். இலேசான வளைவை நிமிர்த்தலாம். அலாயில் விரிசல் விட்டிருந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள்.

பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பயமில்லை. ரப்பர் திரி அவசரத்துக்குத்தான். ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் காளான் வடிவப் பேட்ச் வைக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ.க்குப் பெரிய ஓட்டையும், டயரின் தோள்பட்டையில் (பட்டன் பகுதி பக்கச் சுவரோடு சேரும் ஓரம்) விழுந்த ஓட்டையும் ஒட்டுவதற்கு உரியவை அல்ல.

14. மூணு தடவை அலைன்மென்ட் பார்த்தாச்சு. இன்னும் டயர் உள்பக்கமாவே தின்னுது. மெஷின் தப்பா?

மெஷின்மேல் பழி போட வேண்டாம். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் இருபது வருட ரப்பர் புஷ் காய்ந்து விண்டிருந்தால், நின்ற நிலையில் சரியாக இருக்கும் அளவு பிரேக் பிடித்ததும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டும் பேரிங்கும் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். புஷ்ஷைக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். முதலில் இவை, அப்புறம் டயர், கடைசியில்தான் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றினால் புது டயர் ஆறு மாதத்தில் ஒரு பக்கம் மொட்டையாகும்.

புஷ் மாற்றுவதில் பல பட்டறைகள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் இறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துச் செய்ய வைக்க வேண்டிய வேலை இது. உங்கள் வண்டிக்கு புஷ் கிடைக்கவில்லை என்றால் பாலியூரித்தேன் போடலாம். ஆயுள் உண்டு, ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரியும். சிலிகான் கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடும்.

15. வண்டி சும்மாதான் நிக்குது. வாரத்துக்கு ஒருநாள் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். போதும்ல?

அது நன்மையை விடத் தீமைதான் அதிகம். ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. எரிந்த பெட்ரோலின் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். பேட்டரியிலிருந்து எடுத்ததும் திரும்ப ஏறாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது கி.மீ. ஓட்டுங்கள். அழகர்கோவில் வரை போய்த் திரும்பினால் ஆயில் காயும், மெழுகு வெளியே வரும் (1-ஆம் கேள்வி), பிரேக் டிஸ்க்கின் துருவும் போகும்.

இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் காற்றை ஐந்து பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள். டயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகும்; சில நாளுக்கு ஒருமுறை அரைச் சுற்று நகர்த்தினால் போதும். பேட்டரி நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஷெட் பக்கத்தில் நெல்லோ கோழித்தீவனமோ இருந்தால் எலி ஒயரைத் தேடி வரும். பானெட்டைத் திறந்தே வைப்பது பலருக்குப் பலன் தருகிறது; எலி இருட்டைத்தான் தேடும்.

16. டிராஃபிக்ல நின்னா சூடு ஏறுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா சரியாகும்னு சொல்றாங்க.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. இந்த ஊரில் பாதிப் பழைய வண்டிகளில் அது இல்லாததற்கு இந்த ஆலோசனைதான் காரணம். அதைக் கழற்றினால் நான்குவழிச் சாலையில் என்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சூடு இன்னும் ஏறும்.

எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். கோரிப்பாளையம் சிக்னலில் ஏறி, நகர்ந்ததும் இறங்கினால் கோளாறு ஃபேனில்: மோட்டார், ரிலே, ஃபேன் சுவிட்ச். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகி, ரிசர்வ் பாட்டிலில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் அழுத்தம் நிற்காது; இதில் மலிவான பாகம் அதுதான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

17. கூலன்ட் எதுக்கு, இங்க என்ன பனியா கொட்டுது? போர் தண்ணி ஊத்துனா ஆகாதா?

கூலன்ட் உறையாமல் காப்பதோடு துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நினைத்துக் கலக்காதீர்கள். முன்பு என்ன ஊற்றியது என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

18. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. மலை இறங்குறப்ப மட்டும் பெடல் உள்ள போகுது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதன் எல்லை 155-க்கு இறங்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசியையும் பிரேக்காலேயே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் ஆவியாகும், ஆவி நசுங்கும், பெடல் தரையைத் தொடும். வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5.1 ஊற்றலாம், எல்லை இன்னும் உயர்வு. டாட் 5 மட்டும் சிலிகான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கலக்கவே கூடாது.

நின்று கிடந்த வண்டியில் காலிபர் பின்னும் பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும். பத்து கி.மீ. ஓட்டிவிட்டு நாலு ரிம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேதான் கோளாறு. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பஸ் டிரைவர் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

19. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்குமா?

20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவும் இளகவும் வைக்கும். என்ஜின் ஒரேயடியாகக் கெட்டுவிடாது. கசிந்த பெட்ரோல் சூடான சைலன்சர் மேல் விழுவதுதான் பயம். டேங்கிலிருந்து என்ஜின் வரையுள்ள ஹோஸ் அனைத்தையும், திரும்பிப் போகும் ஹோஸையும் சேர்த்து, எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஹோஸ் மேல் ஜே30 ஆர்9 என்று அச்சு இருக்க வேண்டும். எத்தனால் பழைய டேங்க் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் தேடுங்கள்.

20. எந்த ஆயில்? வெயிலுக்கு நல்லா கெட்டியா 20-50 ஊத்தலாம்ல?

மேனுவலில் வெப்பநிலைக்கு ஒரு பட்டியல் இருக்கும். அதில் நம் ஊர் வெப்பத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான். வி-டெக் போன்ற என்ஜினில் வால்வு வேலையே ஆயில் அழுத்தத்தில் நடக்கிறது, கெட்டி ஆயில் அதைக் குழப்பும். ஐயாயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். உங்களுக்கு எப்போதும் வருடம்தான் முந்தும்.

21. டைமிங் பெல்ட் லட்சம் கிலோமீட்டர்னு போட்டிருக்கு. என்னுது நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு.

அந்த வரிக்குப் பக்கத்தில் வருடமும் போட்டிருப்பார்கள். என்ஜினில் வால்வுகளை இயக்கும் இந்த பெல்ட்டும் ரப்பர்தான், 1-ஆம் கேள்வியின் பதில் இதற்கும் பொருந்தும். ஐந்து வருடம் தாண்டி, எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு மடங்கும். ஹெட்டை இறக்க வேண்டும். டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கூலி ஒன்றுதான்.

22. பழைய பாக்ஸ்டர் ஒண்ணு விலைக்கு வருது. டயரும் புதுசு, ஓட்டமும் கம்மி. வாங்கலாமா?

ஓட்டம் கம்மி என்பதைக் கேட்டு மயங்காதீர்கள். மேலே உள்ள 1, 14, 15, 21 எல்லாமே ஓட்டம் கம்மியான வண்டிக்குத்தான். 1996 முதல் 2004 வரை வந்த 986 மாடலின் என்ஜினில் இடைத்தண்டு பேரிங் ஒரு பேர்போன பலவீனம். அது உடைந்தால் என்ஜினே போகும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொட முடியும் என்பதால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்து மாற்றுவது வழக்கம். அதற்கு ரசீது கேளுங்கள். விற்பவர் சம்மதித்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், இரும்புத் தூள் மின்னக் கூடாது. முன்னால் உள்ள இரண்டு ரேடியேட்டரின் வாயிலும் காய்ந்த இலை அடைந்திருக்கும், அதையும் பாருங்கள். பிறகு புது டயரின் நாலு எண்ணைப் படியுங்கள்.

23. கையில காசு கொஞ்சம்தான் இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது? முதல்ல ஒரு நல்ல எக்ஸாஸ்ட் போட்டுக்கலாம்னு பார்த்தேன்.

எக்ஸாஸ்ட் கடைசி. முதலில் பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ். மூன்றும் சேர்ந்தும் செலவு குறைவு, தவறினால் விளைவு பெரிது. அடுத்து கூலன்ட் ஹோஸும் ரேடியேட்டர் மூடியும். பிறகு டைமிங் பெல்ட். அதன் பின் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர். இவை முடிந்த பிறகு நாலு டயர், மறுநாளே அலைன்மென்ட். டயர் தேதி ஏற்கெனவே எட்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் அதை வரிசையில் முதலுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.